‘அஃபிஷியல் சீக்ரெட்ஸ்’ படமும் கேத்தரின் கன் வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2003 ஈராக் போர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு பெண் ஒரு மின்னஞ்சலை அச்செடுத்து வெளியே கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சொல்கிற படம் ‘அஃபிஷியல் சீக்ரெட்ஸ்’ (2019). படம் பார்த்தவர்களும் பார்க்க நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. நடந்த கதை என்பதால் முடிவை மறைத்து எழுதவில்லை. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

படத்தை எடுத்தவர் யார்? யாரெல்லாம் நடித்திருக்கிறார்கள்?

இயக்கம் கேவின் ஹூட். தென்னாப்பிரிக்காக்காரர், சட்டம் படித்தவர். சட்டம் படித்தவர் எடுத்த படம் என்பது பல காட்சிகளில் தெரிகிறது. வேறு இயக்குநராக இருந்தால் வெட்டி எறிந்திருக்கக்கூடிய சட்ட வாதங்களை இவர் நிதானமாக ஓடவிடுகிறார். கேத்தரின் கன்னாக கீரா நைட்லி. ‘அப்சர்வர்’ பத்திரிகையாளர்கள் மார்ட்டின் பிரைட், பீட்டர் போமாண்ட், எட் வுல்லியமி ஆகியோராக முறையே மாட் ஸ்மித், மேத்யூ கூட், ரீஸ் இவான்ஸ். வழக்கறிஞர் பென் எம்மர்சனாக ரேஃப் ஃபைன்ஸ். மார்சியா மிட்செல், தாமஸ் மிட்செல் இருவரும் இந்த வழக்கைப் பற்றி 2008-இல் எழுதிய நூலை வைத்துத் திரைக்கதை அமைக்கப்பட்டது. 2019 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதல் காட்சி.

கேத்தரின் கன் உண்மையான ஆளா?

ஆமாம், பெயர்கூட மாற்றப்படவில்லை. சிறுவயதில் தைவானில் வளர்ந்தவர் என்பதால் சீன மொழி இயல்பாக வந்தது. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் சீனமும் ஜப்பானிய மொழியும் படித்தார். ஹிரோஷிமாவில் சில காலம் ஆங்கிலம் கற்பித்தார். பிறகு 2001-இல் செல்டன்ஹாம் நகரில் உள்ள ஜி.சி.எச்.க்யூ. என்கிற பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு நிறுவனத்தில் மாண்டரின் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். சம்பவம் நடந்தபோது அவருக்கு வயது 28.

ஜி.சி.எச்.க்யூ. என்றதும் துப்பாக்கியும் மாறுவேடமுமாக அலைகிற உளவாளிகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, அடுத்தவர் பேசியதைக் கேட்டு, எது முக்கியம் எது வெட்டிப்பேச்சு என்று பிரித்து அறிக்கை எழுதுகிற அலுவலக வேலை. படத்தின் முதல் பகுதி இந்தச் சலிப்பை மறைக்காமல் காட்டுகிறது. வரிசை வரிசையாக மேசைகள், தேநீர் இடைவேளை, அடையாள அட்டை. உலகப் போக்கை மாற்றியிருக்கக்கூடிய ஒரு தாள் இப்படிப்பட்ட அறையிலிருந்துதான் ஒரு கைப்பைக்குள் வெளியே போனது.

அந்த மின்னஞ்சலில் அப்படி என்ன இருந்தது?

2003 ஜனவரி 31 தேதியிட்ட மின்னஞ்சல். அனுப்பியவர் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ.வில் பொறுப்பில் இருந்த பிராங்க் கோசா. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள்மீது ஒட்டுக்கேட்பைத் தீவிரப்படுத்தியிருக்கிறோம், பிரிட்டிஷ் நண்பர்களும் கைகொடுங்கள் என்பது சாரம். அங்கோலா, கேமரூன், சிலி, பல்கேரியா, கினி ஆகிய நாடுகளின் பெயர்கள் அதில் இருந்தன. பாகிஸ்தான்மீது தனிக் கவனம் வேண்டும் என்ற குறிப்பும் இருந்தது. ஈராக் பற்றிய தீர்மானத்தில் அவர்கள் எப்படி வாக்களிப்பார்கள், எதற்கு இறங்கி வருவார்கள், அவர்களுக்குள் என்ன கூட்டணி உருவாகிறது என்பதெல்லாம் வேண்டும். அலுவலக எண்கள் மட்டுமில்லை, வீட்டுத் தொலைபேசிகளும்தான்.

அமெரிக்காவுக்கு ஒத்த முடிவைப் பெற உதவும் எல்லா விவரமும் தேவை என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். கேத்தரினை உறுத்தியது அந்த வரிதான்.

ஐ.நா. வாக்குக்கு ஏன் இவ்வளவு பரபரப்பு?

2002 நவம்பர் 8-இல் பாதுகாப்பு கவுன்சில் 1441-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. ஆயுதக் குறைப்பு விஷயத்தில் ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு என்றது அது. மீறினால் ‘கடுமையான விளைவுகள்’ என்றது. ஆனால் போர் தொடுக்கலாம் என்று நேரடியாகச் சொல்லவில்லை. அமெரிக்காவுக்கு அது ஒரு பொருட்டாக இல்லாமல் இருக்கலாம். பிரிட்டன் பிரதமர் டோனி பிளேருக்கு அது தலைவலி. சொந்தக் கட்சிக்குள் எதிர்ப்பு. 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டு போருக்கு எதிராக நடந்தார்கள். எனவே போரை வெளிப்படையாக அனுமதிக்கும் இரண்டாவது தீர்மானம் பிளேருக்குத் தேவைப்பட்டது. 15 உறுப்பினர் கொண்ட கவுன்சிலில் 9 வாக்குகள் வேண்டும். நிரந்தர உறுப்பினர் யாரும் தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தவும் கூடாது. எந்தப் பக்கம் சாய்வது என்று முடிவெடுக்காத சிறிய நாடுகள் திடீரென்று விலைமதிப்பு மிக்கவை ஆனது இப்படித்தான்.

உளவு நிறுவனம் உளவு பார்ப்பதில் என்ன தப்பு? எல்லா நாடும் செய்வதுதானே?

படத்தைப் பற்றிய விவாதங்களில் அடிக்கடி எழும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. படத்தில் விசாரணை அதிகாரியும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார்: நீங்கள் அரசாங்கத்துக்கு வேலை செய்கிறவர்தானே? அரசாங்கங்கள் வரும் போகும், நான் வேலை செய்வது மக்களுக்கு என்பது கேத்தரினின் பதில். முன்னோட்டத்தில் வந்து பிரபலமான வசனம் அது. கைதட்டல் வாங்கத்தக்க வசனம்தான். ஆனால் அது கேள்விக்கு முழுப் பதில் ஆகாது என்பது என் கருத்து.

ஒட்டுக்கேட்பு நடக்கிறது என்பது கேத்தரினுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். குண்டு வைக்கத் திட்டமிடுகிறவனின் பேச்சைக் கேட்டு எழுதுவதில் அவருக்கு எந்த மனக்கஷ்டமும் இருந்ததில்லை. இங்கே நடந்தது வேறு. ஒரு போர் நியாயமா என்று தீர்மானிக்க வேண்டிய மேடையையே, அந்தப் போரை விரும்புகிறவர்கள் மறைமுகமாக வளைக்கப் பார்க்கிறார்கள். தூதர்களின் அந்தரங்கங்களைத் தெரிந்துகொண்டு வாக்கு வாங்கிவிட்டால், வெளியுலகுக்கு அது ‘உலக நாடுகள் சேர்ந்து எடுத்த முடிவு’ என்றே போகும். தன் கையெழுத்தும் அதில் ஒரு மூலையில் இருக்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. 1961 வியன்னா உடன்படிக்கை தூதரகத் தகவல் தொடர்புகளுக்குப் பாதுகாப்பு தருகிறது என்பது இன்னொரு பக்கம். அதை எல்லா நாடும் மீறுகிறது என்பதும் உண்மை. படம் அந்தச் சட்ட நுணுக்கத்துக்குள் போகவில்லை, போகாததே நல்லது.

மின்னஞ்சல் எப்படி வெளியே வந்தது?

அச்செடுத்து, மடித்து, கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்தார். அவர் வழியாகப் போர் எதிர்ப்பாளரும் பத்திரிகையாளருமான இவோன் ரிட்லிக்குப் போனது. அவரிடமிருந்து ‘அப்சர்வர்’ வாரப் பத்திரிகையின் மார்ட்டின் பிரைட்டுக்கு. தாளில் அனுப்புநர் முகவரியோ முத்திரையோ இல்லை. போலியாக இருந்தால் பத்திரிகையின் மானம் போகும். சரிபார்க்கவே வாரக்கணக்கில் ஆனது.

எட் வுல்லியமி அமெரிக்காவில் இருந்தபடி பிராங்க் கோசா என்று ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று தேடுகிற பகுதி படத்தின் சிறந்த பகுதிகளில் ஒன்று. என்.எஸ்.ஏ.வின் தொலைபேசி இணைப்பகத்தை அழைத்து அந்தப் பெயரைக் கேட்டபோது, இணைப்பு அவருடைய அலுவலகத்துக்கே போனது. உலகின் மிகப் பெரிய ஒட்டுக்கேட்பு நிறுவனம் இப்படிச் சாதாரணமாக ஒரு தொலைபேசி அழைப்பில் சிக்கியது நடந்த விஷயம்.

இதில் ஒரு முரண் உண்டு. ‘அப்சர்வர்’ அப்போது தலையங்கத்தில் போரை ஆதரித்த பத்திரிகை. 2003 மார்ச் 2 அன்று அதே பத்திரிகையின் முதல் பக்கத்தில் இந்தச் செய்தி வந்தது. ஆசிரியர் குழுவுக்குள் நடந்த சண்டையைப் படம் சத்தமாகவும் கெட்ட வார்த்தைகளோடும் காட்டுகிறது. தன் நிலைப்பாட்டுக்கு எதிரான செய்தி என்று தெரிந்தும், சரிபார்த்த பிறகு அச்சேற்றிய ஆசிரியர் ரோஜர் ஆல்டனின் பங்கு பெரிது. அதைப் படம் போதுமான அளவு பாராட்டவில்லை என்று எனக்கு ஒரு குறை.

எழுத்துக் குழப்பத்தால் செய்தி கவிழ்ந்தது என்பது கற்பனையா?

கற்பனை போலத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது. அமெரிக்கர் எழுதிய மின்னஞ்சலில் ஆங்கிலச் சொற்கள் அமெரிக்க முறையில் இருந்தன. பத்திரிகை அலுவலகத்தில் ஒருவர், வழக்கமாகச் செய்வதுபோல, ‘ஃபேவரபிள்’ (favorable) முதலான சொற்களைப் பிரிட்டிஷ் எழுத்து முறைக்கு (favourable) மாற்றிவிட்டார். அமெரிக்க உளவு அதிகாரி எப்படிப் பிரிட்டிஷ் பாணியில் எழுதுவார், இது போலி என்று ‘ட்ரட்ஜ் ரிப்போர்ட்’ இணையதளம் கிளப்பியது. மார்ட்டின் பிரைட்டைப் பேட்டி எடுக்க வரிசையில் நின்ற அமெரிக்கத் தொலைக்காட்சிகள் சில மணி நேரத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. போருக்கு இரண்டரை வாரமே இருக்கும்போது, அமெரிக்க மக்களின் கண்ணில் பட்டிருக்க வேண்டிய செய்தி ஒரு ‘யு’ எழுத்தால் போயிற்று. மூல மின்னஞ்சல் அமெரிக்க எழுத்து முறையிலேயே இருந்தது என்று பத்திரிகை விளக்கம் கொடுத்தது. அதற்குள் எல்லோரும் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள்.

மாட்டிக்கொள்ளாமல் இருந்திருக்கலாமே? ஏன் தானாக ஒப்புக்கொண்டார்?

என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் அச்சாணி இந்த இடம்தான். ரகசியத்தை வெளியிடுகிறவர்களைப் பற்றிய படங்களில் பதற்றம் எல்லாம் கசிவுக்கு முன்னால் இருக்கும்: பிடிபடுவாரா, தப்பிப்பாரா. இங்கே கசிவு முதல் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒப்புக்கொண்ட பிறகு ஒருவர் என்ன ஆகிறார் என்பதுதான் மீதிப் படம்.

செய்தி வந்ததும் ஜி.சி.எச்.க்யூ.வில் அந்த மின்னஞ்சலைப் பெற்ற ஊழியர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார்கள். முதலில் கேத்தரின் மறுத்தார். ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் சந்தேகத்தோடு குறுக்கு விசாரணை செய்யப்படுவதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சில நாட்களிலேயே மேலதிகாரியிடம் போய் நான்தான் என்று சொன்னார். கைதாகி ஓர் இரவு காவல் நிலையத்தில் கழிந்தது.

நைட்லி இந்த இடத்தைச் செய்திருக்கும் விதம் கவனிக்கத்தக்கது. வீரம் பொங்க ஒரு வார்த்தை இல்லை. தொண்டை அடைத்து, கண்ணீர் முட்டி, ஒரு குழந்தை தப்பை ஒப்புக்கொள்வதுபோலச் சொல்கிறார். கொள்கைக்காகச் செய்தாரா, குற்றவுணர்வு தாங்காமல் சொன்னாரா என்று கேட்டால் இரண்டும்தான். கசியவிட்டது ஒரு கொள்கை முடிவு. ஒப்புக்கொண்டது கூட வேலை பார்த்தவர்கள்மீது இருந்த கரிசனம். இரண்டாவதுக்குத்தான் அவர் அதிக விலை கொடுத்தார்.

படத்தின் தலைப்பில் உள்ள சட்டம் என்ன சொல்கிறது?

1989-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம். பெயர் நமக்கும் பழக்கமானதுதான். 1923-இல் பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்கும் இதே பெயரில் ஒன்றைச் செய்துவைத்துவிட்டுப் போனது. 1989 சட்டத்தின் முதல் பிரிவு உளவு நிறுவன ஊழியர்களுக்கானது. அவர்கள் தங்கள் வேலை சார்ந்த எதை அனுமதியின்றி வெளியிட்டாலும் குற்றம். அதனால் நாட்டுக்குத் தீங்கு நேர்ந்ததா என்று அரசு நிரூபிக்கத் தேவையில்லை. அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு சிறை.

இந்தச் சட்டம் இவ்வளவு இறுக்கமாக ஆனதற்கு ஒரு முன்கதை உண்டு. 1982 ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் ‘பெல்கிரானோ’ கப்பலைப் பிரிட்டன் மூழ்கடித்தது பற்றி அரசு சொன்னதற்கு மாறான ஆவணங்களை, பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங் ஓர் எம்.பி.க்கு அனுப்பினார். 1985-இல் வழக்கு நடந்தபோது, அரசின் நலனே நாட்டின் நலன் என்கிற பாணியில் நீதிபதி வழிகாட்டினார். ஜூரி அதைக் கேட்கவில்லை, பான்டிங்கை விடுதலை செய்துவிட்டது. அரசு பாடம் கற்றுக்கொண்டது. 1989-இல் புதிய சட்டம் வந்தபோது, பொது நலனுக்காக வெளியிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கிற வழி அடைக்கப்பட்டுவிட்டது. கேத்தரின் நின்றது அந்த அடைக்கப்பட்ட கதவுக்கு முன்னால்.

சொந்த வக்கீலிடம்கூடப் பேசக்கூடாது என்று படத்தில் வருகிறதே, அது மிகைப்படுத்தலா?

இல்லை. வேலை சம்பந்தமாக எதையாவது வக்கீலிடம் சொன்னால் அதுவே மறுபடியும் சட்டமீறல் ஆகும் என்று எச்சரிக்கப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பை எடுத்துச் சொல்லவே அனுமதி வாங்க வேண்டும், அந்த அனுமதியைக் கொடுக்க வேண்டியது குற்றம் சாட்டுகிற தரப்பு. எம்மர்சன் இதைக் கேட்டு முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற காட்சியில் ரேஃப் ஃபைன்ஸ் யார் என்று தெரிகிறது.

கணவரை நாடுகடத்தப் பார்த்தது?

நடந்ததுதான். கணவர் யாசர் துருக்கியைச் சேர்ந்த குர்து. அவர் பிரிட்டனில் தங்கும் அனுமதி விவகாரம் இழுபறியில் இருந்தது. கேத்தரின் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அவரைப் பிடித்து வெளியேற்ற முயன்றார்கள். விமான நிலையத்தை நோக்கிய ஓட்டம் திரைக்கே உரிய வேகத்தோடு எடுக்கப்பட்டிருக்கிறது, அதில் கொஞ்சம் மசாலா கூடுதல். படத்தில் எனக்கு ஒட்டாத பகுதியும் அதுதான். அதுவரை தாள்களாலும் தொலைபேசிகளாலும் வளர்ந்த பயம், திடீரென்று கார் துரத்தலாக மாறுகிறது. யாசராக நடித்த ஆடம் பக்ரிக்குக் கோபப்படவும் கவலைப்படவும் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை என்பதும் குறைதான்.

அப்படியானால் எதை வைத்து வாதாடினார்கள்?

பொது நலன் என்று வாதிட முடியாது. செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது, ஒப்புக்கொண்டாயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சந்து: ‘அவசியம்’. உயிர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லாத நிலையில் ஒருவர் சட்டத்தை மீறினால், அந்த மீறலை மன்னிக்கலாம் என்கிற பொதுச் சட்டக் கோட்பாடு. பிரிட்டனின் உள்நாட்டு உளவு நிறுவனமான எம்.ஐ.5-இன் முன்னாள் அதிகாரி டேவிட் ஷேலர் வழக்கில் இதைப் பற்றிய விவாதம் நடந்திருந்தது. அதை எம்மர்சன் அணி பிடித்துக்கொண்டது.

வாதம் இப்படிப் போகிறது. போர் நடந்தால் பிரிட்டிஷ் வீரர்களும் ஈராக்கியர்களும் சாவார்கள். அந்தப் போர் சட்டவிரோதமானது. சட்டவிரோதப் போரைத் தடுத்து உயிர்களைக் காக்கவே கேத்தரின் மின்னஞ்சலை வெளியிட்டார். இதை நிரூபிக்க வேண்டும் என்றால் போர் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குள் வந்தாக வேண்டும். அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு பிளேருக்கு எழுதிக் கொடுத்த சட்ட ஆலோசனை முழுவதையும் காட்டுங்கள் என்று கேத்தரின் தரப்பு கேட்டது.

அந்த ஆலோசனையில் என்ன இருந்தது என்று இன்று நமக்குத் தெரியும். 2003 மார்ச் 7-இல் அவர் எழுதிய நீண்ட குறிப்பு தயக்கம் நிறைந்தது: 1441-ஐ வைத்து வாதிட ஓரளவு இடமுண்டு, ஆனால் இரண்டாவது தீர்மானம் வாங்கிவிடுவதே பாதுகாப்பான வழி. பத்தே நாளில், மார்ச் 17-இல், நாடாளுமன்றத்துக்குப் போன பதிலில் தயக்கம் எதுவும் இல்லை. போர் சட்டப்படியானது என்று திட்டவட்டமாகச் சொன்னது. இடையில் என்ன நடந்தது? வெளியுறவு அமைச்சகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் இந்தப் போரில் பங்கேற்க மனமில்லை என்று ராஜினாமா செய்தார். படத்தில் டாம்சின் கிரெய்க் சில நிமிடங்களே வந்து இந்தப் பாத்திரத்தை மனதில் நிறுத்திவிடுகிறார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அலுவல் ரகசியச் சட்டத்தின் இந்தப் பிரிவில் வழக்குத் தொடர அட்டர்னி ஜெனரலின் ஒப்புதல் தேவை. ஆக, போருக்குச் சட்ட ஆலோசனை சொன்னவரும், போரைத் தடுக்க முயன்றவர்மீது வழக்குப் போடக் கையெழுத்திட வேண்டியவரும் ஒரே ஆள். படம் இதைச் சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்துவிடுகிறது; நான் இயக்குநராக இருந்தால் கொஞ்சம் நின்றிருப்பேன்.

கடைசியில் வழக்கு ஏன் கைவிடப்பட்டது?

கைதுக்கும் குற்றச்சாட்டுப் பதிவுக்கும் நடுவே எட்டு மாதம் அவரைத் தொங்கலில் விட்டார்கள். 2003 நவம்பர் 13-இல்தான் குற்றம் சாட்டப்பட்டது. 2004 பிப்ரவரி 25 அன்று லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் கேத்தரின் கூண்டில் ஏறினார். குற்றவாளி அல்ல என்றார். உடனே அரசுத் தரப்பு எழுந்து, ஆதாரம் எதையும் முன்வைக்கப்போவதில்லை என்றது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது.

ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கும்போது ஆதாரம் போதவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? அரசு காரணம் சொல்ல மறுத்தது. கோல்ட்ஸ்மித்தின் ஆலோசனை அம்பலமாகிவிடும் என்ற பயம்தான் என்பது படத்தின் நிலைப்பாடு. அப்போது அரசு வழக்குத் தொடர்வு இயக்குநராக இருந்த கென் மெக்டொனால்ட் பின்னாளில் வேறு விளக்கம் கொடுத்தார்: நியாயமான விசாரணை நடத்த வேண்டுமானால் தேசப் பாதுகாப்பைப் பாதிக்கும் ஆவணங்களைக் கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் விட்டோம் என்று. இரண்டில் எது உண்மை என்றாலும் ஒன்று நடந்தது: போர் சட்டப்படியானதா என்ற கேள்வியை ஒரு ஜூரியின் முன் வைக்கும் வாய்ப்பு போய்விட்டது. கேத்தரினுக்கு விடுதலை கிடைத்தது. அவர் கேட்டது விடுதலை மட்டும்தானா என்பதுதான் சங்கடம். தீர்ப்புக் காட்சியில் நைட்லியின் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் குழப்பம் அதிகம் தெரிவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

கடற்கரையில் மீன் பிடிக்கிற காட்சி எதற்கு?

எம்மர்சனும் மெக்டொனால்டும் பழைய நண்பர்கள் என்று படம் முன்பே காட்டிவிடுகிறது. வழக்கு முடிந்த பிறகு, எம்மர்சன் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு மெக்டொனால்ட் வருகிறார், பழையபடி பக்கத்தில் நிற்கப் பார்க்கிறார். அவரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுகிறார் எம்மர்சன். உண்மையில் நடந்ததா என்று தேட வேண்டாம், திரைக்காக எழுதியது. நீதிமன்றத்தில் கிடைக்காத தண்டனையை ஒரு கடற்கரையில் கொடுத்துப் பார்வையாளரை அமைதிப்படுத்துகிற உத்தி. கொஞ்சம் சுலபமான உத்திதான். ஆனால் ஃபைன்ஸ் அதைக் குரலை உயர்த்தாமல் சொல்வதால் வேலை செய்கிறது.

அவர் செய்ததால் ஏதாவது பயன் இருந்ததா? போர் நிற்கவில்லையே?

நிற்கவில்லை. 2003 மார்ச் 20-இல் போர் தொடங்கியது. ஆனால் இரண்டாவது தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. தேவையான ஆதரவு கிடைக்காது என்று தெரிந்து அமெரிக்காவும் பிரிட்டனும் மார்ச் 17-இல் அதைக் கைவிட்டன. கேத்தரினின் கசிவுதான் அதற்குக் காரணம் என்று சொல்வது மிகை. பிரான்ஸ் வீட்டோ போடுவோம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தது, சிறிய நாடுகளும் வளைந்து கொடுக்கவில்லை. கசிவு அந்த நாடுகளுக்கு முதுகெலும்பைக் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கலாம், அவ்வளவு சொல்லலாம். ஐ.நா.வின் முத்திரை இல்லாமலே போருக்குப் போனார்கள் என்பது மட்டும் வரலாற்றில் நின்றது.

வழக்கு முடிந்த மறுநாளே இன்னொன்று நடந்தது. பிளேர் அமைச்சரவையில் இருந்து விலகியிருந்த கிளேர் ஷார்ட், ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னானின் பேச்சுகளையும் பிரிட்டன் ஒட்டுக்கேட்டது என்று பி.பி.சி. வானொலியில் சொன்னார். ஈராக் போரில் பிரிட்டனின் பங்கை விசாரித்து 2016 ஜூலையில் வெளிவந்த சில்காட் அறிக்கை, அமைதி வழிகள் தீரும் முன்பே பிரிட்டன் போருக்குப் போனது என்றும், சட்ட அடிப்படை முடிவான விதம் திருப்திகரமாக இல்லை என்றும் கூறியது. வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க ரகசிய ஆவணங்களான பென்டகன் ஆவணங்களை 1971-இல் வெளியிட்ட டேனியல் எல்ஸ்பெர்க், கேத்தரினைப் பற்றி மிக உயர்வாகப் பேசியிருக்கிறார். போர் தொடங்கும் முன்பே வெளியிட்டார் என்பது அவருக்கு முக்கியமாகப் பட்டது.

நைட்லி பொருத்தமா?

பொருத்தம். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கவலை இல்லாமல் நடித்திருக்கிறார். தொலைக்காட்சியில் பிளேர் பேசும்போது திரையைப் பார்த்துக் கத்துகிற ஆரம்பக் காட்சியிலேயே ஆள் பிடிபட்டுவிடுகிறார்.

அந்தச் சட்டம் இப்போதும் இருக்கிறதா?

1989 சட்டம் அப்படியே இருக்கிறது. 2020-இல் பிரிட்டனின் சட்ட ஆணையம், பொது நலனுக்காக வெளியிட்டேன் என்று வாதிட இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023-இல் புதிய தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒற்றர்களுக்கு எதிரான பழைய சட்டங்களை அது மாற்றியது, ஆனால் இந்தப் பரிந்துரையை எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கே இன்னொருவர் ஒரு மின்னஞ்சலை அச்செடுத்தால், அவருக்கும் ‘அவசியம்’ என்ற அதே சந்துதான்.

கேத்தரின் கன் பிறகு என்ன ஆனார்?

வேலை போனது. உளவு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ரகசியத்தை வெளியிட்டவர் என்ற பெயரோடு பிரிட்டனில் நிலையான வேலை தேடுவது எளிதாக இருக்கவில்லை. பின்னாளில் கணவரோடும் மகளோடும் துருக்கிக்குக் குடிபெயர்ந்தார். படம் வெளியானபோது இயக்குநரோடும் நைட்லியோடும் மேடைகளில் தோன்றிப் பேசினார்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

112 நிமிடம் ஓடும். வன்முறைக் காட்சிகள் அநேகமாக இல்லை. பத்திரிகை அலுவலகக் காட்சிகளில் கெட்ட வார்த்தைகள் ஏராளம். அமெரிக்காவில் அதற்காகவே ‘ஆர்’ சான்றிதழ் கொடுத்தார்கள். பதினைந்து வயதுக்கு மேல் செய்தித்தாள் படிக்கிற பழக்கம் இருந்தால் தாராளமாகப் பார்க்கலாம். 1441 என்றால் என்ன என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், படம் அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விடும்.